வாசகர் கேள்விகள்: இயாகோ எப்போது பொய் சொன்னான்?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தை இப்போதுதான் படித்து முடித்தேன். இயாகோவுக்கு அப்படி என்னதான் கோபம்? ஒரு பதவி கைநழுவியதற்காக ஒருவன் இத்தனை பேர் உயிரைக் குடிப்பானா?

பதில்: இயாகோ வெனிஸ் தளபதி ஒத்தெல்லோவின் கீழ் வேலை பார்ப்பவன்; தனக்கு வர வேண்டிய துணைத்தளபதி பதவியைக் காசியோவுக்குக் கொடுத்துவிட்டார் என்கிற பதவிக் கோபம் அவனே சொல்லும் காரணம், அதுவும் ரோடரிகோவிடம். ரோடரிகோ யார்? ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாமேல் ஆசைப்பட்டு, அவளிடம் சேர்ப்பித்துவிடு என்று நகைகளை இயாகோவிடம் கொடுத்து ஏமாறுகிற பணக்கார அசடு. அவனிடம் இயாகோ சொல்லும் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியாக நிற்கும்போது என்ன பேசுகிறான் என்று பாருங்கள். தன் மனைவி எமிலியாவுக்கும் ஒத்தெல்லோவுக்கும் தொடர்பு என்று வெளியே பேச்சு இருக்கிறதாம், உண்மையா என்று தெரியாதாம், ஆனாலும் உண்மை என்றே வைத்துக்கொண்டு நடப்பானாம். கொஞ்ச நேரம் கழித்து காசியோமேலும் அதே சந்தேகம் வருகிறது. கூடவே டெஸ்டிமோனாமேல் தனக்கும் ஒரு ஆசை என்கிறான். கடைசி அங்கத்தில், காசியோவின் வாழ்க்கையில் இருக்கும் அழகு என்னை அசிங்கமாகக் காட்டுகிறது என்கிறான்.

காரணமே இல்லாத வன்மம் காரணம் தேடி அலைகிறது என்று கவிஞர் கோல்ரிட்ஜ் இவனைப் பற்றி எழுதி வைத்தார். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அவன் காரணம் தேடி அலைவது உண்மை, ஆனால் அத்தனை காரணங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே வயிற்றெரிச்சல்தான்: தன்னிடம் இல்லாதது அடுத்தவனிடம் இருக்கிறது, இருப்பதையும் அவன் பிடுங்கிக்கொண்டிருப்பான். மனைவிக்கு மனைவி கணக்குத் தீர்க்க வேண்டும், முடியாவிட்டால் அறிவால் குணப்படுத்த முடியாத சந்தேகத்தையாவது ஒத்தெல்லோவுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று இரண்டாம் அங்கத்தில் வெளிப்படையாகவே திட்டம் போடுகிறான். தனக்கு இருக்கிற நோயைத்தான் ஒத்தெல்லோவுக்குக் கொடுக்கிறான். அது எப்படிப் பிடிக்கும், எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

கேள்வி: இத்தனை போர்களைப் பார்த்த தளபதி இவ்வளவு லேசாக ஏமாறுவானா? ஒத்தெல்லோவை ஒரு முட்டாளாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

பதில்: மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் கிளம்புகிறான். தூரத்தில் ஒத்தெல்லோவோடு வரும் இயாகோ, தனக்குத்தானே சொல்வதுபோல, இது எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். என்ன சொன்னாய்? ஒன்றுமில்லை. போனது காசியோதானே? காசியோவா, இருக்காது, உங்களைக் கண்டதும் குற்றவாளி மாதிரி நழுவ அவருக்கு என்ன அவசியம்? அவ்வளவுதான், விட்டுவிடுகிறான். சற்றுப் பொறுத்து, நீங்கள் காதலித்தது காசியோவுக்குத் தெரியுமா என்று கேட்கிறான். முழுக்கத் தெரியும், ஏன் கேட்கிறாய்? சும்மாதான். நான் சொல்வதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாயே, மனதில் எதையோ பயங்கரமாக மறைக்கிறாய் என்று ஒத்தெல்லோ கத்தும்வரை இது போகிறது.

போட்டு வாங்குவது என்று நாம் சொல்வோமே, அதுதான். சந்தேகத்தை இவன் சொல்லவில்லை, அவனையே கேட்க வைக்கிறான், கெஞ்ச வைக்கிறான், கடைசியில் வேறு வழியில்லாமல் வாயைத் திறப்பதுபோல நடிக்கிறான். பொறாமைக்கு இடம் கொடுக்காதீர்கள், அது பச்சைக் கண் பூதம் என்ற புகழ்பெற்ற வசனமும் இவன் வாயிலிருந்துதான் வருகிறது. (அதை நல்ல அறிவுரையாக மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.) அதன்பின் எடுத்துக் கொடுப்பதெல்லாம் உண்மைகள்: உங்களை மணக்க அவள் தன் அப்பாவையே ஏமாற்றினாள், தன் ஊர், தன் நிறம், தன் தகுதியில் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்றாள். ஒத்தெல்லோ வெனிஸுக்கு அந்நியன், கறுப்பன், வயதில் மூத்தவன், புது மாப்பிள்ளை. அந்த ஊர்க் குடும்பப் பெண்களின் குணம் எனக்குத் தெரியும் என்று ஒரு வெனிஸ்காரன் சொன்னால் ஒத்தெல்லோ எதை வைத்து மறுப்பான்?

அப்பட்டமான பொய் எப்போது வருகிறது தெரியுமா? ஒத்தெல்லோ தொண்டையைப் பிடிக்காத குறையாக, கண்ணால் பார்க்க ஆதாரம் கொடு என்று மிரட்டிய பிறகு. காசியோ தூக்கத்தில் டெஸ்டிமோனா பெயரை உளறினான், அவள் கைக்குட்டையால் தாடியைத் துடைத்தான் என்பதெல்லாம் அப்போது அவிழ்த்து விடுவதுதான். அதற்குள் கேட்பவன் நம்புவதற்குத் தயாராகிவிட்டான்.

ஏமாந்தது ஒத்தெல்லோ மட்டுமில்லை என்பதையும் கவனியுங்கள். இயாகோ ஊற்றிக் கொடுத்த மதுவால் பதவி இழந்த காசியோ, யோசனை கேட்டு இவனிடமே வருகிறான். டெஸ்டிமோனாவைப் போய்ப் பாருங்கள், அவள் சிபாரிசு செய்வாள் என்கிறான் இயாகோ. நல்ல யோசனைதானே! இதைச் சொன்ன என்னை யார் கெட்டவன் என்பார்கள் என்று நம்மைப் பார்த்தே கேட்கிறான்.

கேள்வி: ஒரு கைக்குட்டையை வைத்து ஒத்தெல்லோ மனைவியைக் கொலை செய்வதுவரை போவது நம்பும்படியாக இல்லையே?

பதில்: உங்களுக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் பழைய துணை இருக்கிறது. தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் 1693-லேயே, இதற்குக் 'கைக்குட்டையின் சோகம்' என்று பெயர் வைத்திருக்கலாமே என்று கிண்டலடித்தார். நாடகத்துக்கு மூலம் 1565-இல் வெளிவந்த சிந்தியோ என்ற இத்தாலியரின் கதை. அதில் வில்லன் தன் சின்னப் பெண்ணை டெஸ்டிமோனா கையில் கொடுத்துவிட்டு, அவள் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவிவிடுவான். ஷேக்ஸ்பியர் அதை மாற்றினார். தலைவலி என்று சொல்லும் கணவனுக்குக் கட்டிவிட டெஸ்டிமோனா எடுக்கிறாள், சின்னதாக இருக்கிறது, விட்டுவிடு என்று அவன் தள்ளுகிறான், கீழே விழுகிறது. தட்டிவிட்டவன் ஒத்தெல்லோ! அன்று எங்கே போயிற்று என்று அவளை உலுக்கும்போது அது அவனுக்கு ஞாபகமே வருவதில்லை. எனக்கு இது திருட்டைவிட ஆயிரம் மடங்கு நம்பும்படியாக இருக்கிறது.

கேள்வி: இயாகோவை நம் சகுனியோடு ஒப்பிடலாமா?

பதில்: சகுனி சபை நடுவே உட்கார்ந்து பகடை உருட்டுகிறவன், எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். கூனி பக்கத்தில் வருவாள். ராமனுக்கு முடிசூட்டு என்றதும் கைகேயி மகிழ்ந்து மாலை பரிசளிக்க, கம்பனின் கூனி அதைத் தரையில் அடித்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறாள். ஆனால் அவளும் கோபத்தைக் காட்டிவிடுகிறாள், இயாகோ காட்டுவதில்லை.

கேள்வி: மேடையில் எந்த வேடம் பெரியது?

பதில்: வசனம் இயாகோவுக்குத்தான் அதிகம். 1881-இல் லண்டனில் ஹென்றி இர்விங்கும் எட்வின் பூத்தும் இரண்டு வேடங்களையும் மாற்றி மாற்றி நடித்தார்கள்.

கேள்வி: கூடவே வாழ்ந்த எமிலியாவுக்குக் கணவனின் குணம் தெரியாமலா இருந்தது?

பதில்: கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான், எதற்கு என்று கேட்டும் பதில் வரவில்லை. அதனால் முழுக்கத் தெரியாது என்று சொல்லமாட்டேன். நான்காம் அங்கத்தில், ஏதோ ஒரு அயோக்கியன் பதவிக்காக இந்த அவதூறைக் கட்டியிருக்கிறான் என்று பொரிந்து தள்ளுகிறாள். பக்கத்தில் நிற்கும் இயாகோ, அப்படி ஒரு ஆள் இருக்கவே முடியாது என்கிறான். அவள் விடவில்லை: உங்களிடம் என்னையும் ஒத்தெல்லோவையும் சேர்த்து வத்தி வைத்தவனும் இந்த மாதிரி ஒருத்தன்தான். ஆக, இயாகோவுக்கும் யாரோ மூட்டிவிட்டிருக்கிறார்கள் என்பது அவள் கணிப்பு.

ஒவ்வொருவரையும் எதைக் காட்டி இழுக்கலாம் என்று அளந்து வைத்திருந்தான், ரோடரிகோவுக்கு ஆசை, காசியோவுக்கு மானம், ஒத்தெல்லோவுக்கு அந்நியன் என்கிற பயம். மனைவியை மட்டும் அளக்கவே இல்லை. உண்மை வெடித்ததும் வீட்டுக்குப் போ என்று அதட்டுகிறான். போகமாட்டேன் என்று நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், அவனுக்குத் தெரிந்த ஒரே பதில் கத்தியாகிவிடுகிறது.