ஏலியன் ஸ்வார்ம்: பாதியிலேயே தோட்டா தீர்வது ஏன்?

கேள்வி: ஸ்டீமில் இலவசமாகக் கிடைக்கும் 'ஏலியன் ஸ்வார்ம்' விளையாட்டை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆடுகிறோம். எந்த மிஷனிலும் பாதி வழியில் தோட்டா தீர்ந்துவிடுகிறது. குறி சரியில்லையா?

பதில்: குறியைச் சந்தேகிக்கும் முன், துப்பாக்கியில் தோட்டாவை மறுபடி நிரப்பும் (ரீலோட்) ஆர் விசையைக் கவனியுங்கள். மற்ற பல ஷூட்டர்களில் ரீலோட் செய்தால் மிச்சத் தோட்டா கையிருப்பில் சேர்ந்துகொள்ளும். இதில் மேகசினோடு (தோட்டாப் பெட்டியோடு) போய்விடும். 98 தோட்டா பிடிக்கும் அசால்ட் ரைஃபிளில் 30 சுட்டுவிட்டுப் பழக்கத்தில் ஆர் தட்டினால் 68 வீண். எண் ஒற்றை இலக்கத்துக்கு வரும்வரை பொறுங்கள்.

ரீலோட் ஆகும்போது ஒரு பட்டை ஓடும். தனி நிறத்தில் தெரியும் துண்டுக்குள் அது நுழையும் நொடியில் ஆர் விசையை மறுபடி தட்டினால் சட்டென்று முடியும். தப்பாகத் தட்டினால் இன்னும் இழுக்கும். கூட்டம் நெருங்கியிருக்கும்போது புதியவர்கள் இதை முயல வேண்டாம்.

இன்னொரு பெரிய விரயம் ஷீல்ட்பக் என்ற ஓடுடைய ஏலியன். அதன் முன்பக்க ஓட்டில் எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. ஒருவர் முன்னால் நின்று அதைத் தன் பக்கம் இழுக்க, மற்றவர்கள் சுற்றிப் போய்ப் பின்புறம் சுட வேண்டும். பயோமாஸ் சதைக்கட்டிக்கு நெருப்புதான் மருந்து. நெருப்பைக் கக்கும் ஃப்ளேமர் துப்பாக்கி ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். ஒருவர் தன் இரண்டாவது துப்பாக்கியை விட்டுக்கொடுத்து அம்மோ பை எடுத்தால் மிஷன் முழுக்கத் தாக்குப்பிடிக்கும். அந்தத் தியாகம் நிச்சயம் வீண்போகாது.

கேள்வி: மூன்று பேர் உயிரோடு இருக்கும்போதே மிஷன் தோற்றுவிட்டது என்று வருகிறதே?

பதில்: இறந்தவர் டெக் வீரராக இருந்திருப்பார். பூட்டிய கதவையும் கணினியையும் ஹேக் செய்ய அவரால்தான் முடியும். ஹேக் பாக்கியிருக்க அவர் இறந்தால் ஆட்டம் முடிந்தது. ஆட்டத்தின் பாத்திரங்களில் கிராஷ், வேகஸ் இருவரும் டெக். யார் எடுத்தாலும் அவரை வரிசையின் நடுவில் வையுங்கள், முன்னால் ஓட விடாதீர்கள். அவர் திரையில் புதிரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ட்ரோன் என்ற சாதாரண ஏலியன் வரும், அப்போது ஒருவர் முதுகைக் காக்க வேண்டும். வெல்டர் வைத்திருப்பவர் வந்த வழிக் கதவைப் பற்றவைத்துவிட்டால் கொஞ்ச நேரம் மூச்சுவிடலாம். நண்பர் மேல் பட்டாலும் காயம்தான் என்பதால், குறுகிய நடைபாதையில் ஒருவர் பின் ஒருவராக நின்று சுடாதீர்கள். முட்டையிலிருந்து பாய்ந்து உடம்புக்குள் புகும் பாரசைட்டுக்கு மெடிக் உடனே சிகிச்சை தர வேண்டும்; தாமதித்தால் ஆள் போய்விடுவார்.

கேள்வி: எங்கள் குழுவில் ஆறு பேர். எல்லோரும் ஒன்றாக ஆட முடியுமா?

பதில்: வால்வ் 2010-இல் வெளியிட்ட மூல ஆட்டத்தில் நான்கு பேர்தான். 2017-இல் வந்த 'ரியாக்டிவ் டிராப்' பதிப்பில் எட்டு பேர்வரை சேரலாம், அதுவும் இலவசம். ஜேக்கப்ஸ் ரெஸ்ட் என்ற பழைய ஏழு மிஷன்களும் அதிலேயே இருப்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே அதையே இறக்கிக்கொள்ளலாம்.