லெகோ ரயிலுக்கு வேறு கம்பெனி தண்டவாளம், பேட்டரி, மோட்டார் வாங்கலாமா? சென்னையில் எது சரிப்படும்?

கேள்வி கேட்டவர் வீட்டில் இருப்பது லெகோ சிட்டி பாசஞ்சர் ரயில். அதோடு வந்த பெட்டிகள் போதாதென்று இன்னும் சிலவற்றைக் கட்டிச் சேர்த்திருக்கிறார். இப்போது வளைவில் ரயில் திணறுகிறது, பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பெரிய பேட்டரி வாங்குவதா, பழைய 9 வோல்ட் மெட்டல் தண்டவாளத்துக்கு மாறுவதா, இல்லை வேறு கம்பெனி கன்ட்ரோலர் வாங்குவதா என்று கேட்கிறார்.

மூன்றும் வேண்டாம். முதலில் வளைவை மாற்றுங்கள்.

அதற்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ரயிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிப் பாருங்கள். சுழலாமல் சட்டென நிற்கிற சக்கரத்தை அச்சோடு பிடுங்கினால், உள்ளே தலைமுடி சுற்றியிருக்கும். தரையில் டிராக் போடுகிற வீட்டில் இது நிச்சயம். முடி அச்சில் ஏறி, சக்கரத்துக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் இறுகி, பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ட்வீசரால் எடுத்துவிடுங்கள். மோட்டார் சக்கரத்தின் மேல் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். நம் ஊர்த் தூசி அதில் படிந்தால் பிடிமானம் போய், சக்கரம் சுற்றும், ரயில் நகராது. பாதிப் பேருக்குப் பிரச்சினை இத்தோடு முடிந்துவிடும்.

மீதிப் பேருக்கு வளைவுதான் வில்லன். லெகோ விற்கிற வளைவு ஒரே அளவு. ரயில் ஆட்கள் அதை ஆர்40 என்பார்கள், அதாவது மையத்திலிருந்து தண்டவாளத்தின் நடுவரை 40 ஸ்டட். ஸ்டட் என்பது லெகோ கட்டையின் மேல் இருக்கும் குமிழ். ஒரு ஸ்டட் இடம் 8 மில்லிமீட்டர், ஆக ஆரம் 32 சென்டிமீட்டர். முழு வட்டமும் சுமார் 70 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். குழந்தைகள் அறைக்கு அது சௌகரியம். நீள ரயிலுக்கு அது தண்டனை. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பும் தண்டவாளத்தை உரசிக்கொண்டே திரும்ப வேண்டும். எஞ்சின் முன்னால் இழுக்க, கடைசிப் பெட்டி பின்னால் இழுக்க, நடுவில் இருக்கும் பெட்டிகள் வளைவின் உட்பக்கம் சரியும். அந்த உரசல் மொத்தத்துக்கும் விலை கொடுப்பது உங்கள் பேட்டரிதான். அதே ரயிலை, அதே பேட்டரியோடு, பெரிய வளைவில் ஓடவிட்டுப் பாருங்கள். சத்தமே பாதியாகக் குறைந்திருக்கும்.

லெகோவே ஒரு வளையும் டிராக் கொடுத்தது. குட்டிக் குட்டித் துண்டாக, எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் டக்டக்கென்று அடித்துக்கொண்டே போகும், உரசலும் கூடுதல். இரண்டு டிராக் சேராத இடத்தில் இடைவெளியை நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள், வளைவுக்கு வேண்டாம்.

பெரிய வளைவுக்கு மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும். போலந்தின் டிரிக்ஸ்பிரிக்ஸ், அமெரிக்காவின் பிரிக்டிராக்ஸ், கனடாவின் எஃப்எக்ஸ் பிரிக்ஸ். இவர்கள் தரும் அளவுகள் ஆர்56, ஆர்72, ஆர்88, ஆர்104, ஆர்120 என்று 16 ஸ்டட் வித்தியாசத்தில் ஏறும். இதில் கணக்கு இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் போகும் இரண்டு தண்டவாளங்களின் நடுவுக்கு நடு 16 ஸ்டட். அதனால் ஆர்56க்கு வெளியே ஆர்72 போட்டால் இரட்டைப் பாதை தானாக அமைந்துவிடும், பீச்-தாம்பரம் லைன் மாதிரி அப்பும் டவுனும் ஒட்டியபடியே திரும்பும்.

எந்த அளவு என்பதை உங்கள் ஹால்தான் முடிவு செய்யும். தண்டவாளத்தின் அகலமும் சேர்த்து ஆர்56 வட்டத்துக்கு 96 சென்டிமீட்டர், ஆர்72க்கு சுமார் 1.22 மீட்டர், ஆர்104க்கு சுமார் 1.73 மீட்டர் தேவை. சென்னை ஃபிளாட் ஹால் 10 அடி அகலம் என்றால் 3 மீட்டர் கணக்கு. சோபா, டிவி ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். எல்லோரும் ஆர்104தான் அழகு என்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்72லேயே பெரும்பாலான திணறல் தீர்ந்துவிடும். தினமும் எடுத்து வைக்க வேண்டிய வீட்டில் அதற்கு மேல் போவது ஆசைக்குத்தான்.

பாதை பிரிகிற துண்டான பாயின்ட்டும் இதே கதை. லெகோவின் பாயின்ட்டில் பாதை பிரிந்து, அதோடு வரும் வளைவில் உடனே எதிர்ப்பக்கம் திரும்பி இணையாகிவிடும். அந்தக் குறுகலான எஸ் வளைவில் நீளப் பெட்டிகளின் காந்தக் கொக்கி கழன்றுவிடும். பிரிக்டிராக்ஸ், டிரிக்ஸ்பிரிக்ஸ் இரண்டுமே ஆர்104 பாயின்ட் செய்கிறார்கள், நிதானமாகப் பிரிந்துபோகும். விலைதான் கொஞ்சம் கசக்கும்.

விலை என்றதும் சுங்க வரி. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70. அதற்கு மேல் ஐஜிஎஸ்டி. 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் தரச் சான்று விதியும் உண்டு. பார்சல் பொம்மை என்று வகைப்படுத்தப்பட்டால் வரி மட்டுமில்லை, சான்று எங்கே என்ற கேள்வியும் வரலாம். சென்னையில் வழக்கமான வழி என்னவென்று உங்களுக்கே தெரியும். யாராவது அத்தை பையனோ சித்தி பொண்ணோ ஊருக்கு வரும்போது பெட்டியில் கொஞ்சம் இடம் கேட்பது. தண்டவாளம் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் இடமும் அடைக்காது, கனமும் இல்லை. ஆனால் முதல் தடவையே முழு வட்டத்துக்கும் வாங்கிவிடுங்கள். பாதி வட்டம் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தீபாவளிவரை காத்திருப்பது கொடுமை.

அப்புறம், இங்கேயே 3டி பிரின்ட் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம். வளைவுகளுக்கான கோப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன, பிரின்ட் செய்து கொடுக்கும் கடைகளும் ஊரில் உண்டு. பொருளைக் கவனியுங்கள். கடைக்காரர் வழக்கமாக பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைச் சொல்வார். அது 60 டிகிரி அருகில் இளகத் தொடங்கும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டால் மாலையில் வாழைப்பழமாக வளைந்து கிடக்கும். பிஇடிஜி கேளுங்கள். மொத்தமாகக் கொடுப்பதற்கு முன் இரண்டே துண்டு போடச் சொல்லுங்கள். அவற்றை ஒரு லெகோ டிராக்கோடு இணைத்து, தண்டவாளத்தின் உள்விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து இணைப்பின் மேல் இழுங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். பிரின்டரின் முதல் அடுக்கு கொஞ்சம் பிதுங்கி விளிம்பு கட்டியிருக்கும், அதை பிளேடால் சீவினாலே பல துண்டுகள் சரியாகிவிடும். அடுக்குக் கோடுகளால் ஓடும்போது ஒரு கரகர சத்தம் வரும், அதற்கு மருந்து கிடையாது.

சீன டிராக்குகள் மலிவு. நேர்ப்பாதைக்குத் தாராளமாக வாங்கலாம். வளைவு வாங்கினால் அதுவும் பெரும்பாலும் ஆர்40தான், பிரச்சினை அப்படியே இருக்கும்.

இப்போது மின்சாரம். லெகோ 1966ல் ரயில் தொடங்கியதிலிருந்து பலமுறை சிஸ்டத்தை மாற்றிவிட்டது. இன்றைக்கு நம் கையில் சிக்குவது மூன்று. 1991ல் வந்த 9 வோல்ட்: தண்டவாளத்தின் மேல் உலோகப் பட்டை, அதிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம். அப்புறம் பவர் ஃபங்ஷன்ஸ்: ரயிலுக்குள் பேட்டரி, கையில் இன்ஃப்ராரெட் ரிமோட். 2018லிருந்து பவர்டு அப்: அதே பேட்டரி, ஆனால் ப்ளூடூத். உங்களுடையது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. பிளக் வடிவமே வேறு என்பதால் பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டாரை இதில் சொருக முடியாது. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி பிளக்கைப் பாருங்கள்.

9 வோல்ட் மேல் எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு, காரணமும் நியாயமானது. நவராத்திரிக்குக் கொலு பார்க் போட்டு அதைச் சுற்றி ரயில் விட்டிருக்கிறீர்களா? சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து, வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்கள் கடைசியாகக் கிளம்பும்வரை ரயில் ஓடியே ஆக வேண்டும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் எஞ்சின் கூரையைக் கழற்றி, ஆறு டிரிபிள் ஏ மாற்றி, மறுபடி மூட வேண்டும். அதற்குள் ஏதாவது ஒரு வாண்டு எஞ்சின் முகப்பைத் தனியாகக் கழற்றியிருக்கும். அந்த நேரத்தில் சுவரில் பிளக்கைச் சொருகிவிட்டு மறந்துவிடலாம் என்பது வரம்தான்.

ஆனாலும் சென்னையில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். லெகோ அதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. பழைய மோட்டாருக்கு மவுசு அதிகம், விலையும் அப்படியே. எஃப்எக்ஸ் பிரிக்ஸ் புதிதாக உலோகத் தண்டவாளம் செய்கிறது, தரமும் நன்று, ஆனால் பிளாஸ்டிக் விலையில் வராது. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றுக்கு உலோகப் பட்டை சீக்கிரம் மங்கும், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும், இல்லையென்றால் ரயில் விக்கி விக்கி ஓடும். பாதை சுற்றிவந்து தன்மேலேயே திரும்பிச் சேரும்படி லூப் போட்டால் பாசிட்டிவும் நெகட்டிவும் மோதி ஷார்ட் ஆகிவிடும். பேட்டரி ரயிலுக்கு இந்தத் தலைவலியே இல்லை. இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து யாராவது செட்டாகக் கொண்டுவந்தால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230ல் நேராகச் சொருகினால் புகைதான் மிச்சம்.

ஆக, பேட்டரியிலேயே இருங்கள். ரயிலுக்குள் பேட்டரியும் ப்ளூடூத்தும் இருக்கும் பெட்டிக்கு ஹப் என்று பெயர். உங்கள் ஹப்பில் ஆறு டிரிபிள் ஏ. அல்கலைன் போட்டால் 9 வோல்ட். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று 1.2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 7.2. உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ரயிலுக்கு அது நஷ்டமே இல்லை, தடம் புரள்வதும் குறையும். எனலூப் மாதிரி நல்ல செல்லாக இரண்டு செட் வாங்கி, ஒன்று ஓடும்போது இன்னொன்றைச் சார்ஜில் போடுங்கள். ஓட்டாத மாதங்களில் அல்கலைனை உள்ளேயே விட்டுவிட்டால் ஒழுகி, ஹப்பின் தகடுகளை அரித்துவிடும். பெட்டியில் வைக்கும்போது கழற்றிவிடுங்கள்.

செல் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரிபிள் ஏ அளவிலேயே 10440 என்று ஒரு லித்தியம் செல் கிடைக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றே 3.7 வோல்ட். ஆறு போட்டால் 22 வோல்ட்டுக்கு மேல், ஹப் அங்கேயே காலி. பவர் ஃபங்ஷன்ஸ் வைத்திருந்து, சால்டரிங் தெரிந்தவராக இருந்தால் வேறு வழி உண்டு: இரண்டு லித்தியம் செல்லைத் தொடராக இணைத்த, பாதுகாப்பு போர்டோடு வருகிற 7.4 வோல்ட் பேக். முழுச் சார்ஜில் 8.4, அதனால் பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கும். எக்ஸ்டென்ஷன் கேபிளின் நாலு கம்பியில் ஓரத்து இரண்டுதான் மின்சாரம், நடு இரண்டும் மோட்டார் கட்டுப்பாட்டுக்கு. போர்டு இல்லாத வெறும் செல்லை மட்டும் எந்தக் கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். சார்ஜ் போடும்போது பேக்கை ரயிலிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

வேறு கம்பெனி கன்ட்ரோலர்களில் ஹங்கேரியின் எஸ்பிரிக், ஸ்லோவேனியாவின் பூவிஸ் இரண்டும் பிரபலம். எஸ்பிரிக் பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார்களை ப்ளூடூத்தில் ஓட்டும். ஜன்னல் வெயில் அடிக்கிற ஹாலில் இன்ஃப்ராரெட் ரிமோட் தடுமாறுகிறது, சோபாவுக்கு அடியில் ரயில் போனால் சிக்னலே போகவில்லை என்பவர்களுக்கு அது நல்ல விடை. பூவிஸ்ஸில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, சார்ஜ் செய்துகொள்ளலாம். அதன் பெருமை அதிக வேகம். காருக்குச் சரி, ஆர்40 வளைவில் அந்த வேகத்தில் ரயில் விட்டால் பெட்டியெல்லாம் பூஜை அறைக்குள் போய் விழும். எனக்குப் பிடித்தது எஃப்எக்ஸ் பிரிக்ஸின் பிஎஃப்எக்ஸ் பிரிக்தான், காரணம் சத்தம். நம் விருப்பப்பட்ட ஒலிக்கோப்பை ஏற்றலாம். பெரம்பூர் ஸ்டேஷனில் நின்று செல்போனில் பதிவு செய்த டபிள்யூஏபி-7 எஞ்சின் ஹாரனை உங்கள் ரயில் அடிக்கும். தேவையா என்றால் தேவையில்லை. ஆசையா என்றால், ஆமாம்.

உங்களிடம் இருக்கும் ஹப்பிலேயே காசில்லாமல் செய்யக்கூடியது பைபிரிக்ஸ். இது ஹப்புக்கான மாற்று மென்பொருள், திறந்த மூலம். பிரவுசர் வழியாக ப்ளூடூத்தில் ஏற்றலாம், பைத்தான் நிரல்மொழி தெரிந்த பள்ளிப் பிள்ளைகூட ரயிலுக்கான நிரலை எழுதிவிடும். ஐசிஎஃப் 2018ல் செய்த ட்ரெயின் 18ஐ, அதாவது வந்தே பாரத்தைக் கட்ட நினைப்பவர்களுக்கு இது ரொம்ப உதவும். அந்த ரயிலுக்கு இரண்டு முனையிலும் மூக்கு. எஞ்சினில் மோட்டார் இரண்டை எதிரும் புதிருமாக வைத்தால், ஒன்று தாம்பரம் போகும்போது இன்னொன்று பீச் போகப் பார்க்கும். பைபிரிக்ஸில் இரண்டாவது மோட்டாரின் திசையை ஒரே வரியில் திருப்பிவிடலாம். கிளம்பும்போது மெதுவாக வேகம் ஏறுவதும், நிற்கும்போது படிப்படியாகக் குறைவதும் எழுதிக்கொள்ளலாம். சட்டென்று இழுக்காததால் காந்தக் கொக்கி கழலாது. பழைய மென்பொருளே வேண்டுமென்றால் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் வழி உண்டு.