பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வு தானாகச் சரியாகுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் இருக்கும் உங்கள் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரமாகிறது என்றும், காரணமில்லாமல் அழுகிறார், குழந்தையைத் தூக்கவே தயங்குகிறார் என்றும், இது தானாகச் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டதால் இனிக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில்.

பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் தொடங்கும் அழுகையும் படபடப்பும் பெரும்பாலான தாய்மாருக்கு வருவதுதான். நஞ்சுக்கொடி வெளிவந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் சடாரென்று சரிகின்றன. அதோடு தூக்கமும் கெடுகிறது. இந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் நீடித்தாலோ, பசியும் ஆசையும் அற்றுப்போனாலோ, குழந்தை தூங்கும்போதுகூடத் தாய்க்குத் தூக்கம் வராவிட்டாலோ அதை மனச்சோர்வு நோயாகவே கருத வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலக் குறைபாட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். வளரும் நாடுகளில் இது ஏறத்தாழ 20 விழுக்காடு.

நான் தஞ்சாவூரில் பிறந்து, திருமணமாகி டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள். 2020 ஆகஸ்டில் என் மகன் பிறந்தபோது பெருந்தொற்றால் விமானங்கள் நின்றிருந்ததால், பேறுகாலம் பார்க்க வரவேண்டிய அம்மாவால் வர முடியவில்லை. கணவருக்குக் கிடைத்த 10 நாள் விடுப்பும் தீர்ந்தது. அதன்பிறகு, மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் பிள்ளை என் கையிலிருந்து நழுவி விழுவதுபோல ஒரு காட்சி மனத்தில் ஓடத் தொடங்கியது. படியில் உட்கார்ந்து, பிள்ளையை ஒரு கையால் மார்போடு அணைத்து, மறுகையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவேன். சில நாள்களில் இறங்குவதையே விட்டுவிட்டேன். இப்படியொரு எண்ணம் வருகிறதென்றால் நான் தாயாக இருக்கவே தகுதியற்றவள் என்று முடிவு கட்டி, யாரிடமும் வாய் திறக்கவில்லை. வேண்டாமலே வந்து அச்சுறுத்தும் இத்தகைய எண்ணங்கள் புதிய தாய்மாரிடம் பரவலாகக் காணப்படுபவை என்பதையும், அவற்றைக் கண்டு பதறும் தாய் அவற்றைச் செய்ய விரும்புகிறவள் அல்லள் என்பதையும் பின்னர் மருத்துவர் விளக்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது, மகனின் எடையைக் குறித்துக்கொண்ட செவிலியர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அது பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல். கடந்த 7 நாள்களில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் தன்னையே குறை சொல்லிக்கொண்டோமா என்பதுபோன்ற 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். பல மருத்துவர்கள் 10 வந்தாலே விரிவாக விசாரிக்கிறார்கள். தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும் பத்தாம் கேள்விக்கு, 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே பேசியாக வேண்டும். எனக்கு 19 வந்தது.

மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். இரத்தசோகையும், பிள்ளைப்பேற்றுக்குப்பின் சிலருக்கு வரும் தைராய்டு அழற்சியும் மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், உங்கள் தங்கைக்கும் இதைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசனையும், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரையும் கிடைத்தன. அது தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே கலப்பதால், பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் பெரிதும் தேர்ந்தெடுக்கும் மருந்து. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தேறியதும் நாமாக நிறுத்திவிடக் கூடாது.

மருந்துக்கு நிகராக எனக்கு உதவியது தூக்கம். என் கணவரின் பாட்டிக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயது. எனக்கு என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை. "பிள்ளைய குடு, நீ போய்ப் படு" என்று சொல்லி, இரவு 9 மணி முதல் 2 மணி வரை மகனைத் தன் கட்டிலருகே வைத்துக்கொண்டார். நான் எடுத்து வைத்த பாலைக் கணவர் எழுந்து புகட்டினார். அந்த ஐந்து மணி நேரம் இடைவிடாமல் தூங்கத் தொடங்கியபின்தான் காலையில் தலைவாரவே தோன்றியது. பச்சை உடம்புக்காரியை நாற்பது நாள் பார்த்துக்கொள்ளும் நம் வழக்கத்தின் உயிர் பூண்டுக் குழம்பில் இல்லை, பிள்ளையை இன்னொருவர் வாங்கிக்கொள்வதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். கண் பட்டிருக்கிறது என்று சொல்லித் திருஷ்டி சுற்றினால் சுற்றட்டும், அதில் கெடுதல் இல்லை. அதை முன்னிட்டு மருத்துவரிடம் போவதை ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தூக்கமே தேவையில்லை என்பதுபோல நடமாடுவது, யாருக்கும் கேட்காத குரல்கள் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சாதிப்பது போன்றவை தெரிந்தால், அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு வரும் தீவிர மனநோயாக இருக்கலாம். அதைக் காத்து கருப்பு என்று எண்ணிப் பூசாரியைத் தேடாமல், தங்கையையும் குழந்தையையும் தனியே விடாமல், அந்த மணியிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கைபேசியிலிருந்து 112ஐ அழைக்கலாம். தற்கொலை எண்ணம் வரும் நேரத்தில் பேசுவதற்கு, மனச்சோர்வு, பதற்ற நோய்களுக்கு உதவும் தென்னாப்பிரிக்க அமைப்பான சாடாக்கின் 0800 567 567 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இந்த வாரமே அருகிலுள்ள அரசு கிளினிக்குக்கு அவரை அழைத்துப் போங்கள். அங்கே கட்டணம் கிடையாது. போகும் வழியில் "பிள்ளைக்காகவாவது தைரியமாக இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஏற்கெனவே குற்றவுணர்வில் வெந்துகொண்டிருப்பவரை அது இன்னும் வாட்டும். கேள்வித்தாளை அவர் கையில் கொடுத்ததும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பெருந்தொற்று விதிகளால் அன்று என் மாமியார் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது. அதனால்தான் பத்தாம் கேள்விக்கு நான் உண்மையான விடையைக் குறித்தேன்.