சூளைப் பிள்ளைகளும் மூன்று பைகளும்: கேள்வி பதில்

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் பல வருடம் தொண்டு வேலை பார்த்தவன் நான். ஒடிசாவின் பலாங்கிர் பக்கமிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து, மழைக்கு முன் ஊர் திரும்புகிறவர்களின் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள்.

எங்கள் ஊரில் மூன்று அமைப்புகள் உதவுகின்றன. ஆனாலும் எதுவும் மாறவில்லையே? (இளைஞர் மன்ற உறுப்பினர்)

ஒரு குடிசையில் எட்டு வயதுச் சிறுமியிடம் மூன்று புத்தகப் பைகள் பார்த்தேன். மூன்றிலும் வேறு வேறு அமைப்பின் பெயர். ஒன்றில் வெங்காயம், ஒன்றில் துணி, ஒன்று காலி. பள்ளிப் பதிவேட்டில் மட்டும் அவள் பெயர் இல்லை. அந்த மூன்றில் ஒரு பை எங்களுடையது!

பையை விடுங்கள். முதலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நோட்டு போடுங்கள். குடிசை வாரியாகப் பிள்ளையின் பெயர், வயது, கடைசியாகப் படித்த வகுப்பு, சொந்த ஊர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் பொறுப்பாளர் ஒருவர். “நாம் எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

எங்கள் மகளிர் குழுவில் பணம் கிடையாது. என்ன செய்யலாம்?

உங்களால் ஆகிற வேலைதான் பெரிது. அப்பா அம்மா விடியுமுன்னே கல் அறுக்கப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று வயதுத் தம்பி அக்காவின் இடுப்பில். அக்கா எப்படிப் பள்ளிக்குப் போவாள்? அந்தத் தம்பியை அங்கன்வாடியில் சேர்த்து, முதல் பத்து நாள் நீங்களே கூட்டிப்போய் விடுங்கள். தம்பிக்குச் சாப்பாடு, அக்காவுக்குப் பள்ளி. அங்கன்வாடி அம்மாவை உங்களுக்கு முன்பே தெரியும். வெளியிலிருந்து வரும் எங்களுக்கு அது கிடையாது.

டிசி இல்லை, தமிழும் தெரியாது. சேர்க்கலாமா? (ஆசிரியை)

தாராளமாக. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டிசியோ வயதுச் சான்றோ இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். பெயர் ஏறிவிட்டால் அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு, மதியம் சத்துணவு இரண்டும் உண்டு. மொழிக்கு, சூளையிலேயே ஒடியா படித்த அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுப்பதை ஒரு அமைப்பு ஏற்கட்டும்.

பிள்ளைகளே கல் புரட்டுகிறார்கள். முதலாளியிடம் பேசலாமா?

தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். அடி அந்தக் குடும்பத்துக்கு விழும். 14 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். முன்பணத்தைக் காட்டி வெளியே விட மறுத்தால் அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமை முறை. கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள், எல்லா அமைப்பும் சேர்ந்து ஒரே மனுவாக.

பேனரில் யார் பெயர் முதலில் என்றே கூட்டம் முடிந்துவிடுகிறது.

பேனரே வேண்டாம். எங்கள் கூட்டத்தைப் பள்ளி வராந்தாவில் வைத்தோம், தலைமையாசிரியர் முன்னிலையில். சண்டை பாதியாகக் குறைந்தது.

சீசன் முடிந்து ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் வீண்தானே?

பாதி வீணாகும், உண்மைதான். அதனால் கிளம்பும் முன் படித்த வகுப்பு, வந்த நாள்கள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, பள்ளி முத்திரை வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். பெட்டிக்குள் போனால் காணாமல் போகும். சேலை முந்தியில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள்.