மரத்துப்போன காலில் எரிச்சல் வருவது எப்படி?

கேள்வி: எனக்கு 58 வயது. 11 வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பாதம் இரண்டும் மதமதப்பாக, பஞ்சில் நடப்பதுபோல் இருக்கிறது. போன வாரம் தெருவில் செருப்பு கழன்றதே தெரியவில்லை, பேரன்தான் எடுத்து வந்தான். ஆனால் ராத்திரி படுத்தால் அதே பாதம் மிளகாய் தேய்த்ததுபோல் எரிகிறது. மரத்துப்போன காலில் எரிச்சல் எப்படி வரும்? எரிச்சல் தெரிகிறதென்றால் நரம்பு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லைம்மா. பலரும் இப்படி நினைத்துத்தான் மருத்துவரிடம் தாமதமாக வருகிறார்கள்.

தொடுதல், அதிர்வு, சூடு, வலி எல்லாவற்றையும் தோல் ஒரே கருவியால் அறிவதில்லை. உள்ளங்காலில் மேல்தோலை ஒட்டி மெய்ஸ்னர் எனப்படும் நுண்ணிய உணர்வு ஏற்பிகள் இருக்கின்றன. லேசான தொடுதலையும் தோல்மேல் ஒரு பொருள் நழுவுவதையும் சொல்வது இவைதான். உங்கள் செருப்பு விஷயத்தில் செய்தி வராமல் போனது பெரும்பாலும் இந்த வழியில்தான். தொடர்ந்து அழுத்துவதை மெர்க்கெல் செல்கள் கவனிக்கும். தோல் இழுபடுவதை ருஃபினி, அதிர்வை ஆழத்தில் உள்ள பசினியன். இந்தச் செய்திகள் தடித்த, உறையிட்ட நரம்பிழைகளில் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் போகின்றன.

சூட்டுக்கும் வலிக்கும் இப்படித் தனி உறுப்பு கிடையாது. நரம்பின் வெறும் நுனிகளே அந்த வேலையைப் பார்க்கின்றன. அவற்றில் பல மிக மெல்லிய, உறையில்லாத இழைகள். வேகம் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர். இந்த நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து, மூளைக்குச் சமிக்ஞை கிளம்பும். மிளகாயின் காரமும் இதே புரதத்தைத்தான் திறக்கிறது. மிளகாய் பட்ட இடம் சுட்டதுபோல் எரிவது அதனால்தான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கும், அழுத்தத்தை உணரும் பியசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சரி, உங்கள் காலுக்கு வருவோம். இரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் நரம்பிழைகளும், அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் தொந்தரவு கால்விரலில் தொடங்கும். தடித்த இழைகள் கெட்டால் தொடுதல் தெரியாது. மெல்லிய இழைகள் கெடும்போது, வெளியே சூடே இல்லாவிட்டாலும் தாமாகவே சமிக்ஞை அனுப்ப ஆரம்பிக்கும். மூளை அதை எரிச்சல் என்று எடுத்துக்கொள்ளும். ஆக, உங்கள் இரண்டு தொந்தரவுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்.

ஆனாலும் பரிசோதிக்காமல் சர்க்கரையின் தலையில் எல்லாப் பழியையும் போட மாட்டேன். மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அதுவும் இதேபோல் மரத்துப்போகச் செய்யும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையுடன் பி12-உம் பாருங்கள். மருத்துவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், அதிர்வு தெரிகிறதா என்று 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எலும்பில் வைத்தும் பார்ப்பார். வலியில்லாத, சில நிமிட வேலை. தோலில் வெளிறிய, உணர்வில்லாத படை ஏதும் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

எரிச்சலைக் குறைக்க பிரெகாபலின், டுலோக்செடின் போன்ற மருந்துகள் உண்டு. மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. அவை எரிச்சலைத்தான் அடக்கும், போன உணர்வைக் கொண்டுவராது. கடையில் கேட்டு வாங்கும் ‘நரம்பு மாத்திரை’யை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

அதுவரை வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். கெட்ட நரம்பு தானாக எரிச்சலைச் சொன்னாலும், நிஜமான சூட்டைச் சொல்லாமல் விடலாம். எரிகிற கால்தானே, சுட்டால் தெரியும் என்று நினைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். மதிய வெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றுவதும் அப்படித்தான். காலையிலேயே போய்விட்டு வாருங்கள். வெளியே நடக்க, பின்பட்டி வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்குங்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண்ணோ, நிறமாற்றமோ இருந்தால், வலிக்காவிட்டாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.