அந்த நோட்டீஸ்களை எடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: சொந்தக் காசில் நூலகம் வைத்தவர், தனி ஆளாக மரம் நட்டவர் என்று அடிக்கடி புகழ்ந்து எழுதுகிறீர்கள். கூட இருந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடமாக நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் என்று போகிற ஊரிலெல்லாம் வாங்கி வந்து சேர்த்திருக்கிறார். பதினேழு அட்டைப்பெட்டி. அம்மாவுக்கு ஒரு பீரோ வைக்க இடமில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். அப்போது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம். இந்தக் குப்பையால் ஊருக்கு என்ன பயன், நீங்களே சொல்லுங்கள்.
ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: போடாதீர்கள், அம்மா. வேண்டுமானால் வெள்ளையடிப்பதை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள்.

உங்கள் அம்மாவின் கோபம் நியாயமானது. ஒருவருடைய ஆர்வத்துக்கு இடம் கொடுத்து, தூசி தட்டி, வாய் மூடி இருப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் அதை எழுதுவதில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'குப்பை' என்ற சொல்லை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். 1907இல் பிறந்தவர். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று அவர் சேர்த்ததும் உங்கள் அப்பா சேர்ப்பது மாதிரிதான். சேர்ந்தது ஏறத்தாழ ஒரு லட்சம். தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ கோட்டையூருக்கு அவர் வீடு தேடி வந்தார்கள். 1992இல் அவர் காலமானார். அதற்கப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பு முழுவதையும் விலை கொடுத்து வாங்கியது. வாங்கியும் கடல் கடத்திக் கொண்டுபோகவில்லை, தமிழ்நாட்டிலேயே வைத்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது. இன்று அது தரமணியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி எழுத உட்காருகிறவர் யாராக இருந்தாலும் ஒருநாள் அந்தப் படியேறியே ஆகவேண்டும். ஒரு பலகை ஓவியர் ஆசைப்பட்டுச் சேர்த்ததுதான் எல்லாம்.

சரி, அவர் சேர்த்தது புத்தகம். எங்கள் வீட்டில் இருப்பது வெறும் நோட்டீஸ்தானே என்பீர்கள். அந்த நோட்டீஸைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

உங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் உண்டு. வள்ளி திருமணம், அரிச்சந்திர மயான காண்டம் எல்லாம் நீங்களும் விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஒத்திகையும் கிடையாது. வந்து இறங்கி, அரிதாரம் பூசி, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துப் பாடுவார்கள். விடிந்தால் ஆளுக்கொரு பஸ்ஸில் வேறு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த ராத்திரி அந்தக் கூட்டு நடந்ததற்கு என்ன சாட்சி? மஞ்சளோ ரோஸோ, தொட்டால் மை ஒட்டுகிற அந்த ஒற்றைத் தாள்தான். ராஜபார்ட் யார், பபூன் யார், டான்ஸ் யார், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் தாளவாத்தியம் யார் யார், மைக்செட் யார், செலவு எந்த வகையறா, எல்லாம் அதில் இருக்கும். ஆயுள் முழுக்கப் பாடிவிட்டுப் போன எத்தனையோ பேருடைய பெயர் அச்சில் ஏறியது அதில் மட்டும்தான். அப்பா அதை மடித்துப் பைக்குள் வைக்காமல் இருந்திருந்தால் மறுநாள் யாராவது அதில் வடை மடித்திருப்பார்கள்.

கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. நாற்பது வருடத்துப் பத்திரிகைகளை வரிசையாகத் தரையில் பரப்பிப் பாருங்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் மட்டும் இருந்த படிப்பு, மணமகள் பெயருக்குப் பின்னாலும் எந்த வருடத்தில் வந்து சேர்ந்தது என்று தெரியும். சாதிப் பட்டம் எந்த வீட்டில் விழுந்தது, எந்த வீட்டில் விடாமல் நிற்கிறது என்று தெரியும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று இருந்த உறவினர் முகவரிகள் எப்போது சிங்கப்பூர், துபாய் என்று மாறின என்று தெரியும். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரைக்கூட விட்டுவிடாதீர்கள். ஈய எழுத்துக் கோர்த்த அந்த அச்சகங்களில் பல இன்று இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் பெரியப்பா சாதாரண விவசாயி. இருபத்தாறு வருடம் விடாமல் டைரியில் மழை எழுதினார். "இன்று ஒரு உழவு மழை", "கீழ்க்காட்டில் இரண்டு உழவு, மேலக்காட்டில் தூறல்", "கண்மாய் மறுகால் பாய்ந்தது, ராத்திரி பத்து மணி" என்று ஒரு நாளைக்கு ஒரு வரி. ஒரு உழவு என்றால் ஒருமுறை உழும் அளவுக்கு மண் நனைவது, மறுகால் என்றால் கண்மாய் நிரம்பி வழிவது. அவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒதுக்கியபோது டைரிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம். 'போட்டோம்' என்றுதான் எழுதவேண்டும். தராசுக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். நான்கு வருடம் கழித்துக் கண்மாயைத் தூர்வார ஊர்க்கூட்டம் போட்டார்கள். மறுகால் கடைசியாக எப்போது போனது, தண்ணீர் எந்தக் கரைவரை நின்றது என்று பெரியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கணக்கு எழுதியவர் ஒருவர் இருந்தார் என்று என்னால் சொல்ல முடிந்தது, கணக்கைச் சொல்ல முடியவில்லை.

பெரியப்பாவின் அக்கறையில் குறை இல்லை. அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆள் இல்லாமல் போனதுதான் குறை. ஒருவர் தன் ஆசைக்குச் சேர்ப்பார், எழுதுவார், வளர்ப்பார். அது ஊர்ச்சொத்து ஆகவேண்டும் என்றால் இன்னொருவர் கை வைக்கவேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கத்து நெல் ஜெயராமன் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். காட்டுயாணம், மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை என்று 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்தார். அவற்றைத் தன் வீட்டில் பூட்டி வைக்கவில்லை. ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிகளுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்தார். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது அந்த நெல் ஆயிரக்கணக்கானவர்களின் வயலில் இருந்தது.

உங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டாவது ஆள் நீங்கள்தான். அவருக்கு எங்கள் பாராட்டுக் கட்டுரை எதுவும் வேண்டாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும்.

நாடக நோட்டீஸ் பெட்டியை முதலில் எடுங்கள். மட்டமான தாள் என்பதால் சீக்கிரம் பொடிந்துவிடும். நீளமான நோட்டு ஒன்று வாங்கி ஊர், தேதி, நாடகம், நடிகர்கள், அச்சகம் என்று கட்டம் போடுங்கள். அப்பா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். நோட்டீஸில் இல்லாத செய்தியும் அவர் வாயிலிருந்து வரும். எந்த பஸ்ஸில் யார் ஏறினார்கள், யார் கொடுத்த நோட்டீஸ் என்பதெல்லாம் ஒரு கண்டக்டருக்குத்தான் தெரியும். அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் கறை ஏறி எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். கறையான் வந்தால் கண்ணில் படும். ஒவ்வொரு தாளையும் நல்ல வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுங்கள். நான்கைந்து மாதத்தில் பட்டியல் முடிந்துவிடும். அப்புறம் அப்பாவின் சம்மதத்தோடு பக்கத்தில் இருக்கும் கல்லூரியின் தமிழ்த் துறையிலோ, ரோஜா முத்தையா நூலகத்திலோ அந்தப் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். பட்டியலோடு போகிறவரை யாரும் லேசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

முதல் பெட்டி முடிந்ததும் அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, காலியான இடத்தில் அம்மாவுக்குப் பீரோ வாங்கி வையுங்கள். இரண்டாவது பெட்டி அதற்கப்புறம்தான்.