வீட்டுக்குப் பக்கத்து மரத்துல பருந்து கூடு கட்டியிருக்கு, போட்டோ எடுக்கலாமா? 300 எம்எம் லென்ஸ் போதுமா?

எடுக்கலாம், 300 போதும். ஆனா தயவுசெஞ்சு மொட்டை மாடில டிரைபாடைப் போட்டுட்டு நிக்காதீங்க, நான் பண்ண முட்டாள்தனம் அதுதான்.

எங்க வீட்டு மாடிக்கு நேரா இருக்கற மரத்துல ஒரு ஜோடி கள்ளப்பருந்து (வால் நடுவுல லேசா பிளந்த மாதிரி இருக்குமே, அது) கூடு கட்டுச்சு. மாடிலேர்ந்து எட்டிப் பாத்தா உள்ள மூணு முட்டை தெரியும். நான் கேமராவைத் தூக்கிட்டுப் போய் நின்னதும் பெட்டை எழுந்து மேல சுத்த ஆரம்பிச்சுது, விசில் மாதிரி கத்திட்டே, நானும் எனக்குத்தான் ஷோ காட்டுதுன்னு நினைச்சு அரை மணி நேரம் போட்டோவா எடுத்துத் தள்ளிட்டேன். ராத்திரி கம்ப்யூட்டர்ல போட்டு பெருசாக்கிப் பாத்தா ரெண்டு ஃப்ரேம்ல கூட்டு ஓரத்துல ஒரு காக்கா. மறுநாள் முட்டை ரெண்டுதான் இருந்துச்சு. அந்த போட்டோவை எல்லாம் அழிச்சுட்டேன்.

காக்காவுக்கு வேலையே அதுதான், தாய் எப்ப எழுந்திருக்கும்னு பாத்துட்டே இருக்கும். காக்கா வரலைன்னாலும் வெயில்ல முட்டையும் பச்சைக் குஞ்சும் தாங்காது. அதனால பறவை தலையைத் தூக்கி உங்களையே முறைச்சுப் பாக்குதா, உடம்பைக் கூட்டோட ஒட்டிப் படுக்குதா, கத்துதா, அப்பவே பின்வாங்கிடுங்க, எழுந்து பறக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. சில ஜோடி நேரா தலைக்குப் பாயும். எரிக் ஹோஸ்கிங்னு பிரிட்டன்ல பெரிய பறவை போட்டோகிராஃபர், 1937ல கூட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆந்தை அடிச்சதுல இடது கண்ணே போயிடுச்சு அவருக்கு.

அப்புறம் நான் ரூமுக்குள்ள வந்துட்டேன். ஜன்னலைத் திறந்து வச்சு கருப்புத் துணி ஒண்ணைத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையற அளவுக்கு ஓட்டை, ரூம்ல லைட் ஆஃப். கண்ணாடி வழியா எடுத்தா படம் மங்கும், அதுவும் சாய்வா எடுத்தா சொல்லவே வேணாம். சைலன்ட் ஷட்டர் இருந்தா அதுல போடுங்க. ஃபிளாஷ், ட்ரோன் ரெண்டும் கூடவே கூடாது. இலை கிளை மறைக்குதுன்னு வெட்டறவங்களைப் பாத்திருக்கேன், அந்த இலைதான் குஞ்சுக்குக் குடை, காக்கா கண்ணுலேர்ந்து மறைப்பும் அதுதான். இலை நடுவுல ஆட்டோஃபோகஸ் அலைஞ்சா மேனுவலுக்கு மாத்திக்கோங்க, கூடு எங்கயும் ஓடிடாது.

எக்ஸ்போஷர்தான் (படத்துல எவ்வளவு வெளிச்சம் விழணும்ங்கறது) படுத்தும். பருந்து கரும்பழுப்பு, பின்னாடி வெளுத்த வானம், கேமரா விட்ட வழியில விட்டா வெறும் நிழல் உருவம்தான் வரும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வச்சு வெளிச்சத்தைக் கூட்டினாதான் இறகு தெரியும். ஆனா இந்தப் பறவைக்கு ஒரு பழக்கம், கந்தல், கயிறு, வெள்ளை பிளாஸ்டிக்னு கண்டதையும் கூட்டுக்குக் கொண்டு வரும் (ஸ்பெயின்ல ஆராய்ச்சி பண்ணி 2011ல எழுதினாங்க, நல்ல இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கற பலமான ஜோடிதான் வெள்ளை பிளாஸ்டிக்கை அதிகமா வைக்குதாம், ஒரு மாதிரி பெயர்ப்பலகை). +1 வச்சதும் அந்த பிளாஸ்டிக் விவரமே இல்லாம வெறும் வெள்ளையாப் போயிடும். RAW ஃபைலா (அப்புறம் கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தைத் திருத்த வசதியானது) எடுத்து ரெண்டையும் சமாளிக்கணும்.

இரையோட வந்து இறங்கற ஷாட்டுக்கு ஷட்டர் வேகம் 1/2000 செகண்ட். எந்தப் பறவையும் காத்தை எதிர்த்துதான் இறங்கும், அதனால காத்து உங்க பக்கத்துலேர்ந்து கூட்டைப் பாத்து அடிக்கற நாள்ல உக்காருங்க, அது உங்க முகத்தைப் பாத்து வரும். எதிர்ப்பக்கம்னா வெறும் முதுகுதான். காலைலயே எடுத்துடுங்க, உச்சி வெயில்ல கான்கிரீட் மேலேர்ந்து எழும்பற சூட்டுல எவ்வளவு நல்ல லென்ஸா இருந்தாலும் படம் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரி இருக்கும், நான் லென்ஸ் கெட்டுப் போச்சுன்னே நினைச்சேன்.

அடை காக்கறது ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல போகும், அந்த நாள்ல பெருசா ஒண்ணும் நடக்காது, நீங்களும் ஒண்ணும் எடுக்க வேணாம். பொரிஞ்சு ரெண்டு மூணு வாரம் போனா ஜாலி. குஞ்சு ஒரே நாள்ல பொரியாது, பெருசு சின்னதைக் கொத்தும், பாக்கக் கஷ்டமா இருக்கும், தலையிடாதீங்க. பின்பக்கத்தைக் கூட்டுக்கு வெளிய நீட்டி பீச்சியடிக்கும் பாருங்க, என் ஆல்பத்துலயே வீட்ல எல்லாருக்கும் பிடிச்ச படம் அதுதான். பறக்கப் போற கடைசி வாரம் (ஏழு வாரம் வாக்குல) மறுபடியும் அடக்கி வாசிக்கணும், பயந்தா பறக்கத் தெரியாமலே குதிச்சுடும்.

படத்தை ஷேர் பண்றப்ப அதுல பதிஞ்சிருக்கற ஜிபிஎஸ் இடக்குறிப்பை எடுத்துடுங்க, இல்லன்னா அடுத்த வாரம் மரத்தடில பத்து கேமரா நிக்கும். அப்புறம் அந்தக் கருப்புத் துணியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பழைய கூட்டையே சரி பண்ணி அடுத்த வருஷமும் வர வாய்ப்பு இருக்கு.